ஈரமானி

மாங்குளத்து உள்ளரங்கில்
கொங்கிறீற்றுக்கு வயது நாற்பது நாள்.
ஈரமானி இன்னும் ஓமென்று சொல்லவில்லை.
மேப்பிள் பலகைகள் கட்டுப் பிரியாமல்
சுவரோரம் கிடக்கின்றன.

பணிமனைக்குக் கண்ணாடி மினுக்கம் வேணுமாம்,
திறப்புவிழாப் படத்துக்கு.
கிரவல் ஒட்டிய சப்பாத்தோடு
மாதிரிப் பலகையில் ஏறிய மதுர்சிகா
வழுக்கி, விழாமல் நின்று,
"மங்கலாப் பூசுங்கோ அண்ணை" என்றாள்.

அடித்தளம்தான் வழக்கு.
நேரே ஒட்டினால் மலிவு.
றப்பர் வில்லைமேல் சட்டம் போட்டால்
காசு கூட; முழங்கால் தப்பும்.

இரண்டிலும் பந்தை விட்டோம்.
இரண்டாவதில் அவளே குதித்தாள்.
சத்தம் ஆழத்திலிருந்து வந்தது.

"கீழ என்ன கிடக்கு?"
கேட்டபோது கால் அசையவில்லை.

காற்று, தங்கச்சி.
இரண்டு அங்குலம்.
நாங்களே அளந்து விட்டது.

குனிந்து விளிம்பில் விரல் விட்டுப் பார்த்தாள்.
பிறகு
இன்னும் உயரக் குதித்தாள்.