மூன்றாவது குழாய்

சத்துவாச்சாரிக்குக் கீழே, பாலாற்று மணலில்
பதின்மூன்றாம் மாதத்துடன் நின்றிருந்தது.
பக்ரீத்துக்கு வந்து தப்பியதென்று
ஆட்டோ நிறுத்தத்தில் பேச்சு.
இல்லை, கோட்டை மைதானப் பொருட்காட்சியில்
சுற்றுக்கு இருபது ரூபாய் என்று
பிள்ளைகளைச் சுமந்தது.
ஹர்ஜி மட்டும்தான் பேர் சொன்னான்:
கேசர்.

நான் ரத்தம் எடுப்பவள்.
கழுத்து நரம்பை விரலால் தேடுகையில்
என் தலைக்கு மேலே எங்கோ
அது அசைபோட்டுக்கொண்டிருந்தது.
படிவத்தில் மாடு, எருமை, வெள்ளாடு, செம்மறி.
கடைசிக் கட்டத்தில்
'இதர' என்று டிக் அடித்தேன்.

முதல் குழாயின் முடிவு ஒன்பதாம் நாள் வந்தது.
மாலோன்டயால்டிஹைடு ஏறியிருக்கிறது
குளுட்டாதயோன் இறங்கியிருக்கிறது.
இதை ஹர்ஜிக்கு எப்படிச் சொல்வது?
"மூச்சுதான். ரெண்டு உயிருக்கு இழுக்குது இல்ல,
அதுல பொறி பறக்குது.
உள்ளே துருப்பிடிக்கிற மாதிரி."
ஒட்டகத்தை மேலும் கீழும் பார்த்தான்.
"எண்ணெய் போடலாமா?"

சிரித்துவிட்டேன்.
பைக்குள் கைவிட்டபோதுதான் உறைத்தது:
நான் கொண்டுவந்த வைட்டமின் ஈயும்
எண்ணெய்தான்.

கத்திரியின் பதினோராம் இரவு.
பாலத்தின் மேல் சரக்கு ரயில் ஒன்று
முடியாமல் போய்க்கொண்டிருந்தது.
முன்னங்கால்கள் இரண்டு, பிறகு மூக்கு,
பிறகு எல்லாம் ஒரேயடியாய்.
வெங்காயத் தோல் போலொரு சவ்வு குட்டி மேல்.
கேசர் நக்கவில்லை.
ஒட்டகம் நக்காதாம்,
மோந்து பார்த்து முனகுமாம்.
அரிசிச் சாக்கால் ஹர்ஜிதான் துடைத்தான்.

விடியுமுன் நஞ்சு விழுந்தது.
இரண்டாம் குழாய் நிரம்பும்போது
அதன் தொடை நடுங்கியது நிற்காமல்.
அடுக்கம்பாறையில் பதினாறு மணி நேரம்
நானும் இழுத்திருக்கிறேன்.
என்னில் எரிந்ததை
யாரும் எந்த அலகிலும் எழுதவில்லை.

பதினைந்தாம் நாள் ஐஸ் பெட்டியோடு போனேன்.
சோளத்தட்டை, சாம்பல், நீல பக்கெட்டின் பிடி.
அகலமான தடங்கள், ஒட்டியே சின்னத் தடங்கள்,
காட்பாடி சாலையின் தாரில் ஏறி
இல்லாமல் போயின.
துரு இறங்கியதா,
இன்னும் ஏறுகிறதா?
மூன்றாம் வரிசையை டாக்டர் கோடு போட்டு அடித்தார்.

மருத்துவமனையில் குழாய்த் தட்டுப்பாடு.
ஆடி மாதம் அரியூர் எருமைக்காக
அந்த ஊதா மூடியைத் திறந்தேன்.
முன்பே எழுதி ஒட்டிய பேரை
நகத்தால் சுரண்டினேன்.
முழுதாய் உரியவில்லை.
எருமையின் ரத்தம் மெல்ல ஏறி
'கே' வரைக்கும் வந்து நின்றது.