மூன்று இரவுகள்

கால்வெஸ்டன் துறையில் ஏறும்போது
அது கப்பலாகவே இல்லை:
பதினான்கு மாடி, நீண்ட வரிசை, குளிரூட்டிய காற்று.

சன்னல் இல்லாத அறைதான் மலிவு.
கடல் பார்த்தோம்,
தொலைக்காட்சியில், நாற்பத்தொன்றாம் சேனலில்.
இரவில் அது வெறும் கறுப்பு.
ஆனாலும் அணைக்க விடவில்லை டெல்பர்ட்,
அணைத்தால் கடல் நின்றுவிடும் என்பதுபோல.

துவாலையில் மடித்துவைத்த குரங்கை
அவிழ்க்க மனம் வராமல்
அவர் சட்டையில் தலை துவட்டினேன்.

லிஃப்ட்டின் தரைவிரிப்பில் கிழமை எழுதியிருக்கும்.
நள்ளிரவில் யாரோ மாற்றிவிடுவார்கள்.
யாரென்று பார்க்க ஒருமுறை விழித்திருந்தேன்;
பீட்சா தின்றதுதான் மிச்சம்.

பயந்த குமட்டல் வரவேயில்லை.
வந்தது ஊர் திரும்பியபின்,
மளிகைக்கடை வரிசையில்.
தரை மெல்லச் சாய்ந்தது.
தள்ளுவண்டியை இறுகப் பிடித்துக்கொண்டு
கீழே குனிந்து தேடினேன்,
இன்று என்ன கிழமை.