கச்சான் தராசு

முறிகண்டியில் பஸ் நிற்பது பத்து நிமிடம்.
யாழ்ப்பாணத்திலிருந்து நீ, ஜன்னலோரம்.
அறிவியல்நகரிலிருந்து
பிரேக் இல்லாத சைக்கிளில் நான்.

இரண்டு கிழமையாய் ஃபோனில் இதே சண்டை:
ஆருக்குப் படிப்புக் கூட?

ஒரு கைக்கு மட்டும் எத்தனை பெயர் தெரியுமோ என்பாய்.
தோளில் தொடங்கும் ஒரு நரம்பு
சுண்டுவிரலுக்குப் போய்ச் சேரும்வரை
எந்த எலும்போடு உரசுது,
எங்கே வெட்டினால் எந்த விரல் சாகும்,
எல்லாம் நிற்கவைத்துக் கேட்பார்களாம்.
"உங்களுக்கு வருசத்துக்கொரு சிவராத்திரி.
எங்களுக்குக் கிழமைக்கு அஞ்சு."

நான் பொய் சொல்ல மாட்டேன், புகழினி.
சோதினைக்கு முதல் பத்து நாள்தான் எங்கள் படிப்பு.
சீனியர் அண்ணா குப்பியில் கீறும் ஒரு படத்தோடு
கரைசேரும் பாடம் நாலு.
ஆனால் மூன்று மணிக்கு மேல் எனக்கு ரியூசன்,
படிக்க அல்ல, படிப்பிக்க.
ஒன்பதாம் ஆண்டுப் பொடியள் பதினொரு பேர்,
காரணிப்படுத்தல்.
மகாபொல வந்து மூன்று மாதம்.
அதையும் உன் பக்கத் தட்டிலா
என் பக்கத் தட்டிலா போடுவது?

ஒட்டுசுட்டானில் ஒரே வாங்கு.
ஒரே கட்டுக் கடந்தகால வினாத்தாள்.
இரசாயனவியலில் ஒரு பல்தேர்வு வினா:
நீ மூன்று என்றாய், நான் நாலு என்றேன்.
எங்களுக்கிடையில் இப்போது
பூச்சியம் தசம் பூச்சியம் நாலு ஒன்று மூன்று.
இந்த ஏ-ஒன்பது வீதி முழுக்க அதற்குள் கிடக்கிறது.

கச்சான்கார அக்கா எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றா.
"கொண்டாங்கோ ரெண்டு பேரும். நிறுத்துப் பாப்பம்."

உன் நோட்ஸ் மூன்று கிலோ எழுநூறு.
என் மண்ணியல் கொப்பி அறுநூறு கிராம்,
அதிலும் கொஞ்சம் மண்.
"தோத்துப்போனீர்" என்றா அக்கா.
வரிசையில் நின்ற சாரதியும் சிரித்தார்.

"அந்தப் பெட்டியையும் வையுமன்."
சப்பாத்துப் பெட்டி. நாடாவால் கட்டியது.
நீ தரவில்லை.
"எலும்பு, அக்கா. சீனியர் தந்தது.
தவணை முடியத் திருப்பிக் குடுக்கோணும்."

தராசிலிருந்து கையை எடுத்தா அக்கா.
சட்டையில் துடைத்தா.
"இது ஆரின்ர, பிள்ளை?"

பீடத்தில் எல்லாம் கேட்டிருக்கிறார்கள்.
இடமா வலமா. எந்த விளிம்பில் எந்தத் தசை.
இது மட்டும் இதுவரை வரவில்லை.
"பழசு அக்கா. படிக்கிறதுக்கு எண்டு…"
"ஆம்பிளையோ?"
தொடையெலும்பின் தலையை அளந்தால்
ஓரளவு சொல்லலாம் என்று நீயே எனக்குச் சொன்னாய்.
இப்போது சொல்லவில்லை.

போன மாதம் எங்கள் வகுப்பு
மண்படை பார்க்கக் குழி வெட்டியது.
அரை மீற்றர் தாண்டியதும் மண்வெட்டி எதிலோ தட்டியது.
பதினொரு பேரும் கதையை நிறுத்தினோம்.
குருநாகலிலிருந்து வந்தவன் மட்டும்
என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டான்.
சுக்கான் கல்.
அறிக்கையில் எழுதினேன்: இரண்டாம் படை,
அறுபத்திரண்டு சென்ரிமீற்றர், செங்கபிலம், சரளை.
புள்ளி எழுபத்தெட்டு.
கதை நின்ற அந்த இடத்துக்கு
படிவத்தில் நிரல் இல்லை.

ஹோர்ன் அடித்தான்.
அக்கா நூறு கிராம் நிறுத்தா,
காசை எண்ணி வாங்கினா,
மிச்சம் தந்தா. பெட்டியைப் பார்க்கவில்லை.
நீ அதை மடியில் வைத்தபடி போனாய்.

இரவு உன் செய்தி:
"அம்மா உள்ளுக்கு விடேல்லை.
கிணத்தடி லைற்றில இருந்து படிக்கிறன்.
நுளம்பு. திங்கள் சோதினை. உனக்கு?"

எனக்கும் திங்கள்தான்.
பத்து நாளில் இது ஆறாவது.
கொப்பியைத் திறந்தேன்,
நடுப்பக்கத்தில் ஒரு கச்சான் கோது.