நிழலை அணைத்தால் ஓடும்

கொள்முதல் நிலையப் பட்டியலுக்குப் பின்பக்கம்
எப்போதும் வெள்ளை.
அதில்தான் எழுதினோம்:
நாற்பத்தெட்டாயிரம்,
குறுவை முழுசாக வந்து இறங்கினால்.

மூட்டைக்குப் பத்து ரூபாய் எனக்கு.
அப்படியென்றால் பிராசசர் ஆயிரத்து இருநூறு மூட்டை,
மதர்போர்டு அறுநூற்று ஐம்பது,
ரேம் ஒரு லாரி லோடு, கொஞ்சம் குறைவாக.
"அந்தக் கணக்கு வேணாம்டா" என்றாள் வாலண்டினா,
"விளையாடும்போது முதுகு வலிக்கும்."

அக்காவின் பங்கு பதினாலாயிரம்.
மன்னார்குடி ஜவுளிக்கடையில்
பிரித்த புடவையை மறுபடி மடித்து மடித்துச் சேர்த்தது.
எதைப் பார்த்துவிட்டு வாங்காமல் எழுந்து போவார்கள் என்று
பழகிய கண்.
கேபினெட்டில் சுழலும் கலர் விளக்கை முதலில் அடித்தாள்.
கண்ணாடிக் கதவை அடித்தாள்.
"காத்து வந்தாப் போதும்.
உள்ள யாரு எட்டிப் பார்க்கப் போறா?"

தஞ்சாவூர் மாடிக் கடையில்
இரண்டு எஸ்எம்பிஎஸ் எடுத்து வைத்தார்கள்.
எண்ணூறு ரூபாய்க்கு ஒன்று,
மூவாயிரத்து நானூறுக்கு ஒன்று.
இரண்டிலும் ஒரே வாட்ஸ் எழுதியிருந்தது.
நான் படிக்கவில்லை. தூக்கினேன்,
கைக்கு ஒன்றாக.
எண்ணூறு ரூபாய், பதர் கலந்த மூட்டை.
தோளுக்கு வருமுன்பே தெரிந்துவிடும்.
கடைக்காரர் சிரித்துக்கொண்டே பில்லை மாற்றிப் போட்டார்.

மிச்சம் கிராபிக்ஸ் கார்டு.
கூத்தாநல்லூர் அஸ்கர் மைதீன்
பிஸ்கட் டப்பாவில் துணி சுற்றிக் கொண்டுவந்தான்.
பதினோராயிரம்.
"ரெண்டு வருஷம் ராப்பகலா ஓட்டிட்டேன், பொய் சொல்லலை.
மூணாவது ஃபேன் கொஞ்சம் முனகும்."
வாலண்டினா முகர்ந்து பார்த்து
"ஈரப்பதம் எவ்வளவு?" என்றாள்.
ஐப்பசி பத்துவரை யாருக்கும் தரமாட்டேன் என்றான்.

புரட்டாசிக் கடைசியில் பிடித்தது மழை.
பத்தொன்பது. இருபத்தொன்று.
பதினேழைத் தாண்டினால் தராசு அசையாது.
ஒன்பது நாள் சும்மா நின்றோம்.
சாலையோரம் குவியல் குவியலாய் நெல்,
மேலே தார்ப்பாய், கீழே வெள்ளை முளை.
ஒருவர் கைநிறைய அள்ளி என்னிடம் நீட்டினார்,
நான்தான் அதிகாரி என்பதுபோல.
அவரிடம் போய்
என் கார்டு போச்சு என்று எப்படிச் சொல்வது?
அஸ்கருக்கு மட்டும் சொன்னேன்.
"சரி மாப்ள" என்றான்.
அடுத்த வாரம் விற்றுவிட்டான்.

சமையல்கட்டுத் தரையில் பாய் விரித்துப் பூட்டினோம்.
பிராசசர் மேல் பசை, ஓர் அரிசி அளவு போதுமாம்.
"பொன்னியா, இட்லி அரிசியா?"
இதற்கே கால் மணி நேரம்.
கொக்கி பிடித்த என் விரலுக்கு
அந்தச் சின்னத் திருகு அகப்படவில்லை.
பொம்மைக்குப் புடவை கட்டி ஊசி குத்துகிறவள்
திருகுகளை உதட்டில் கவ்விக்கொண்டு
அவளே முடுக்கினாள்.
பொத்தானை அழுத்தினோம். ஒன்றுமில்லை.
இன்னொரு முறை. ஒன்றுமில்லை.
ஆயிரத்து இருநூறு மூட்டை, என்று ஆரம்பித்தேன்.
அவள் பின்னால் கைவிட்டு
எஸ்எம்பிஎஸ்ஸின் சுவிட்சைப் போட்டாள்.

கார்டு செருகும் நீளப் பள்ளம்
காலியாகவே இருக்கிறது.
தாளடி அறுத்தால் பார்க்கலாம்.

"நிழலை அணைச்சா ஓடும்" என்றாள்.
நிழலை அணைத்தோம். புல்லை அணைத்தோம்.
தண்ணீரைக் கடைசி நிலைக்கு இறக்கினோம்.
அறுவடை முடிந்த தரைபோல் ஒரு தேசம்.
உச்சிவெயிலில், நிழலில்லாமல்
வாளோடு ஒருவன் நிற்கிறான்.
பக்கத்து ரைஸ் மில் மோட்டார் எழும்ப
டியூப் லைட் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது.
அவன் அப்படியே நின்றான்.
மூவாயிரத்து நானூறு.

எதிரியைத் தேடு என்கிறது திரை.
வாலண்டினா அவனை ஆற்றங்கரைக்குத் திருப்பினாள்.
"இது எங்க போய் முடியுதுன்னு பார்ப்போம்."
அசையாத தண்ணீர்,
கண்ணாடி மாதிரிகூட இல்லை, நீலத் தகரம்.
இருபத்து மூன்று பிரேமில்
ஓரமாகவே நடக்கிறோம்.
மணி ஒன்றாகிவிட்டது,
கடைமடை இன்னும் வரவில்லை.