பத்திரம்

லூசியானாவின் சட்டம்
அதை ஆபத்தான பொருள் என்று பட்டியலில் ஏற்றியதிலிருந்து
அந்த மாத்திரை எங்கள் வண்டியில் இல்லை.

இத்தனை வருடம் இரண்டாம் தட்டில்
கையுறைப் பெட்டிக்கும் பஞ்சுச் சுருளுக்கும் நடுவே
சாதாரணமாகக் கிடந்தது.
மூச்சிழுப்புக்காரிக்கு அந்த ஊசி ஆகாது,
ரத்தக் கொதிப்புக்காரிக்கு இந்த ஊசி ஆகாது,
இது ஆகும் என்று
இருட்டிலும் கை தானாகப் போய் எடுக்கும்.
இப்போது தாழ்வாரக் கடைசியில்
விரல்ரேகை கேட்கிற இரும்பு இழுப்பறைக்குள்
மார்ஃபினுக்குப் பக்கத்து வீடு.
பத்திரமாக இருக்கிறது என்கிறார்கள்.

செவ்வாய் இரவு ஒத்திகை.
படுக்கையில் ஒரு ரப்பர் பொம்மை.
வெர்லீன், மகனுடைய ஓட்டப்பந்தயக் கடிகாரத்தோடு.
"ரத்தம்!" என்றாள்.
ஓடினேன்.
ஏழாம் அறை, எட்டாம் அறை, அழுக்குத் துணி வண்டி,
நீராவிப் படகுப் படம் மாட்டிய சுவர்.
என் கட்டைவிரல் ஈரம்.
உன்னை யாரென்றே தெரியாது என்றது எந்திரம்.
துடைத்தேன். மறுபடி வைத்தேன்.
திரும்பி வந்தபோது
மூன்று நிமிடம், பதினொரு நொடி.
நிறைமாதக் கருப்பைக்கு
நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் போய்வரும்
என்று எப்போதோ படித்தது ஞாபகம் வந்தது.
பெருக்கிப் பார்க்கவில்லை.
வெர்லீன் காகிதத்தை நீட்டினாள், கையெழுத்துக்கு.
அதற்கும் பத்திரம் என்றுதான் பெயர்.

அதே வாரம் மரிசெட் வந்தாள்.
கணக்குப்படி பதினோராம் வாரம்.
ஸ்கேனில் எட்டோடு நின்றிருந்தது.
இறால் உரிக்கும் ஆலையில் வேலை,
விரல் நுனியெல்லாம் கீறல்.
"வீட்டிலேயே முடித்துக்கொள்ளலாமா?" என்றாள்,
பாக்கியைத் தீர்ப்பதுபோல.
முடியும் என்றோம். டாக்டர் சீட்டு எழுதினார்.

முதல் கடையில், இல்லை.
இரண்டாம் கடையில், இருக்கிறது, ஆனால் எதற்கு?
இருமல் மருந்துக்குப் பின்னால் நின்றவர்கள்
காதை மட்டும் முன்னால் அனுப்பினார்கள்.
"என் குழந்தை இறந்துவிட்டது. வெளியே வரவில்லை.
இன்னும் சத்தமாகச் சொல்லணுமா?"
கடைக்காரர் கெட்டவர் இல்லை.
வீட்டுக் கடன் இருக்கிறது,
உரிமம் அவருக்குப் பின்னால் சுவரில்
சட்டத்துக்குள் தொங்குகிறது.
நாளைக்கு வரச் சொன்னார்.

என் மாமனார் க்ளோவிஸ்
மூட்டுவலி மருந்து வயிற்றைப் புண்ணாக்காமலிருக்க
இதே மாத்திரையை ஆறு வருடம் விழுங்கினார்,
காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.
எதற்கு என்று
ஒருவரும் அவரைக் கேட்டதில்லை.

மூன்றாம் கடை அறுபது மைல்.
சதுப்பு வழியே, மழையில்,
ஆல்சிடின் பழைய டிரக்கில் போய் வாங்கி வந்தார்கள்.

ராத்திரி ஒன்பதரைக்கு போன்.
கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே வை, என்றேன்.
சுண்ணாம்புபோல இருக்கும். அரை மணி பொறு, பிறகு விழுங்கு.
குளிரும், பல் கிட்டும், வயிறு கலங்கும்.
அது மருந்து வேலை செய்கிறது.
ஒரு மணிக்குள் இரண்டு நாப்கின் முழுக்க நனைந்து
அடுத்த மணியிலும் அப்படியே என்றால்
போன் பண்ணிக்கொண்டிருக்காதே, கிளம்பி வா.

"இது ஆபத்தா?"

எதைக் கேட்கிறாய், என்றேன். மாத்திரையையா?
அந்தப் பக்கம் மழைச் சத்தம்.
மாத்திரையை எனக்குப் பதினேழு வருடமாகத் தெரியும்
என்றேன்.

விடியற்காலை நாலே முக்காலுக்குச் செய்தி வந்தது:
முடிந்தது. ஆல்சிட் கம்போ சுட வைத்தான்.
இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். அழுதேன்.
அந்த வரிசையில்தான் எழுதியிருந்தாள்.

இந்தச் செவ்வாய் மறுபடி ஒத்திகை.
கட்டைவிரலைச் சீருடையில் தேய்த்து வைத்துக்கொண்டேன்.
வெர்லீன் கடிகாரத்தை அழுத்தினாள்.
தாழ்வாரம் துடைத்துக்கொண்டிருந்த ஃபெலிசியென்
வாளியை ஓரமாக இழுத்துக்கொண்டு சொன்னார்,
"தரை ஈரம்மா,
பத்திரமா ஓடு."