நஜ்மா, மூன்றாம் மாடி, ஐம்பத்தாறு ஹெர்ட்ஸ்

அட்டைப்பெட்டி ஒரு மூலையில் நசுங்கியிருந்தது.
அதனால் மட்டுமே அந்த ஜோடி ஸ்பீக்கர்
கம்பெனிக் கிடங்கிலிருந்து எங்கள் அறைக்கு வந்தது,
என் இரண்டு மாத ஓவர்டைமைத் தின்றுவிட்டு.

உள்ளே ஒரு தாள். தாளில் ஒரு கோடு,
இஸ்திரி போட்டதுபோல் நேராக.
எங்கோ குளிர்நாட்டில்
எதிரொலியே இல்லாத அறையில் எடுத்த அளவு:
சுவரெல்லாம் பஞ்சு முட்கள், தரைக்குப் பதில் கம்பிவலை,
ஒலி போகும், திரும்பாது.
அப்படிப்பட்ட அறையில் யாரும் குடியிருப்பதில்லை.

எங்களுடையது பத்தடிக்குப் பதினாறு.
மூன்று இரட்டைக் கட்டில், ஆறு பேர்.
ஜன்னல் ஏசியின் முனகல் வாடகையோடு சேர்த்தி.

முதல் வெள்ளிக்கிழமையே சண்டை.
"என்னா பேஸுடா, நெஞ்சுல ஏறி உக்காருது!"
இது சுவரோரக் கட்டில், நூருல் அமீன்.
"பேஸா? எங்க? தகர டப்பா."
இது நடுக்கட்டில், இருதயராஜ்.
ஒரே பாட்டு. ஒரே நேரம்.
காதைக் கழுவு என்றான் ஒருவன்,
கழற்றிக் கழுவு என்றான் மற்றவன்.
மேலே புஷ்பநாதன் மட்டும்
"எனக்கெண்டா நல்லாத்தான் கிடக்கு" என்று
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

எனக்குத் தொழிலே அளப்பதுதான்.
பகலில் கடலோர மாளிகைகள்,
பளிங்குத் தரை, கண்ணாடிச் சுவர்,
நாம் கைதட்டினால் தானும் தட்டுகிற மஜ்லிஸ்.
நடுவே இரண்டு லட்சம் ரியால் ஸ்பீக்கர்
தொண்டை கட்டியவன்போல் நிற்கும்.
சோபாவை மூன்றடி முன்னால் இழுத்தால் சரியாகும் என்றேன் ஒருமுறை.
சோபா இத்தாலி, நகராது என்றார்கள்.

ஒருநாள் அந்த மைக்கை இரவல் எடுத்துவந்து
தலையணை தலையணையாக நிறுத்தினேன்.
லேப்டாப் அடித்தொண்டையில் தொடங்கி உச்சிவரை
ஒரு நீண்ட ஊளையை இழுத்தது.
பக்கத்து அறைக்காரன் சுவரைக் குத்தினான்.

நூருல் தலையணையில் ஐம்பத்தாறு ஹெர்ட்ஸில்
வேகத்தடை மாதிரி ஒரு மேடு.
இருதயராஜின் தலையணையில் அதே இடத்தில் பள்ளம்.
எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும்
அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும்
எறிந்து பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன;
ஓரத்தில் குவித்து, நடுவில் பட்டினி போட்டு.
திரையைக் காட்டினேன்.
"நான் சொல்லல?" என்றார்கள் இருவரும்
ஒரே நேரத்தில்.

பள்ளமும் மேடும் கீழேதான்.
மேலே போகப் போகக் கோடு அடங்கி ஒடுங்கி,
எந்த மாளிகையிலும் நான் பார்த்திராத மரியாதையோடு நடந்தது.
எதிரொலிக்குக் கால் நொடிகூட ஆயுள் இல்லை.
ஆறு மெத்தை, ஆறு கம்பளி,
கயிற்றில் காயாத சீருடைகள்,
கட்டிலடியில் அரிசிச் சாக்கு, ஊருக்கு அனுப்பக் கட்டிய பொதிகள்,
பிறகு ஆறு உடம்பு.
உடம்பும் ஒலி உண்ணும்.
ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று அட்டவணையே இருக்கிறது.

மார்ச்சில் புஷ்பநாதனின் விசாவைப் புதுப்பிக்கவில்லை.
மெத்தையைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியருகே சாய்த்தான்,
கம்பளியைப் பெட்டிக்குள் முழங்காலால் அழுத்தினான்,
எல்லோரிடமும் "வாறன்" என்றான்.

அன்றிரவு பாட்டு வேறு மாதிரி இருந்தது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
இருதயராஜ் எழுந்துபோய்
ட்ரெபிளைக் கொஞ்சம் குறைத்துவிட்டு வந்து படுத்தான்.

மறுபடி அளந்தேன்.
ஐந்நூறு ஹெர்ட்ஸுக்கு மேலே
ஒலி அடங்க நூறில் ஆறு பங்கு நொடி கூடுதல்.
கோப்புக்குப் பெயர் என்ன என்று கேட்டது கணினி.
'ஐந்து பேர்' என்று அடித்தேன்.
அழித்துவிட்டு 'மேல்கட்டில் காலி' என்று மாற்றினேன்.

வியாழனன்று கேம்ப் பாஸ் வந்து
அடுத்த வாரம் ஒரு நேபாளி வருகிறான் என்றார்.
ஆள் பருமனா ஒல்லியா என்று கேட்டேன்.
ஏன், கட்டில் தாங்காதா என்றார்.