மூன்றாம் கவுண்ட்டர்

மூன்றாம் கவுண்ட்டரில் வியோல்சா.
நான்காவதில் நான்.
நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு,
ஒரு பசைக்குப்பி,
பதினோரு வருடம்.

கோர்ச்சாவின் பனி கதவுக்கு வெளியே நிற்கும்.
உள்ளே வருகிறவர்கள் கையுறையைக் கழற்றியதும்
கேட்பது ஒன்றைத்தான்:
பத்திரமாக இருக்குமா?
"இருக்கும்" என்பாள்,
எண்ணுவதை நிறுத்தாமலே.

மாதாமாதம் அவள் சம்பளம் கணக்கில் விழும்.
அன்று மதியமே எடுத்துவிடுவாள்,
ஒரு லெக் மிச்சமில்லாமல்,
என் கவுண்ட்டரில்.
தன் கையால் தனக்கே கொடுத்துக்கொள்ள விதியில்லை.
நான் எண்ணித் தருவேன்.
அவள் மறுபடி எண்ணுவாள்,
மேலாளர் அறைக்கு முதுகு காட்டி.

தொண்ணூற்றாறின் இலையுதிர் காலத்தில்
அவள் அப்பா சோதிர் வீட்டை விற்று
ஒரு கம்பெனியில் போட்டார்.
மாதம் நூற்றுக்குப் பத்து.
மூன்று மாதம் வந்தது.
அந்த மூன்று மாதமும்
பாடிக்கொண்டே முகம் மழித்தாராம்.
நான்காம் மாதம் கம்பெனிக் கதவில்
ஒரு நோட்டீஸ், ஒரு பூட்டு.
அதற்கப்புறம் பாட்டும் இல்லை, சவரமும் இல்லை.

கதவுக்கு முன் அப்பாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது
வியோல்சாவுக்கு ஒன்பது வயது.
வாங்கிக்கொள்கிற கை எதையும் திருப்பித் தராது என்று
அன்றைக்கு முடிவு கட்டினாள்.
அண்ணன் பெத்ரித்துக்குப் பதின்மூன்று.
அதே கதவு, அதே பூட்டு.
இருக்கிறபோதே தின்றுவிட வேண்டும் என்று
அவன் முடிவு கட்டினான்.
இன்று தெசலோனிகியில் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறான்.
வெள்ளிக்கிழமைக் கூலி திங்கட்கிழமையைப் பார்த்ததில்லை.
தங்கைக்கு மட்டும் மூன்று குளிர்கோட்டு
வாங்கி அனுப்பியிருக்கிறான்.

அவற்றின் உள்துணியைப் பிரித்து
பணத்தை வைத்துத் தைத்திருக்கிறாள்.

என்னைக் கேட்கிறீர்களா?
பிறர் கணக்கை நாளைக்கு நூறு முறை திறக்கிறேன்.
என் கணக்கு எண் மனப்பாடம்.
அதில் எவ்வளவு இருக்கிறதென்று பார்ப்பதில்லை.
காய்ச்சல் வந்தால்
தெர்மாமீட்டரை ஒளித்து வைக்கிற வீட்டில்
வளர்ந்தவன் நான்.

மார்ச்சில் ஒருநாள், விடுப்பில் இருந்தவள்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.
கையில் பிளாஸ்டிக் பை.
கவிழ்த்தாள்:
கம்பளிப் பஞ்சு, நூல், புழுக்கை,
ஐயாயிரம் லெக் தாள்களின் காதும் மூக்கும்.
கோட்டுக்குள் சுண்டெலி குட்டி போட்டிருக்கிறது.

பாதிக்கு மேல் மிஞ்சிய தாளை மாற்றித் தருவது
எங்கள் கிளையின் வழக்கம்.
இருவரும் துண்டு துண்டாகப் பொருத்தினோம்,
பதினோரு வருடப் பசைக்குப்பியைத் திறந்து.
ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.
வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

படிவத்தில் ஒரு கட்டம்:
சேதத்துக்குக் காரணம்.
பேனா அங்கே வெகுநேரம் நின்றது.
எதையோ எழுதத் தொடங்கி அடித்தாள்.
பிறகு "எலி" என்று எழுதினாள்.

"கணக்கிலேயே போட்டுவிடட்டுமா?" என்றேன்.

"பத்திரமாக இருக்குமா?"

எண்ணிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டேன்.
எத்தனையில் விட்டேன் என்பதும் மறந்துபோனது.
"இருக்கும்" என்றேன்.
சிரித்தாள்.
அந்தச் சொல்லை எப்படிச் செய்கிறார்கள் என்று
தெரிந்தவளுடைய சிரிப்பு.
ரொக்கமாகவே வாங்கிக்கொண்டு போனாள்.

மறுவாரம் ஒரு பூனை வாங்கினாள்.

பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியது.
மத்தி மீன் தவிர எதையும் தொடாதாம்.
மீன் செலவைத் தாளில் போட்டுப் பார்த்தேன்:
வங்கியில் போட்டிருந்தால் வந்திருக்கும் வட்டியைவிட
கொஞ்சம் அதிகம்.

அவளிடம் சொல்லவில்லை.
சொன்னால்
உன் கணக்கைத் திற, பார்ப்போம்
என்றுவிடுவாள்.